ஐந்தாண்டு விதியைத் திரும்பப் பெறுங்கள்: ஆசிரியர் நியமனக் குழுவினருக்குத் திறந்த மடல்

ஆசிரியர் நியமனக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணியிடங்களுக்கு நீங்கள் அண்மையில் வெளியிட்ட அறிவிப்பில், முன்பு இல்லாத ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்கிறீர்கள். விண்ணப்பிப்பவர் கடந்த 5 ஆண்டுகளுக்குள் வகுப்பறையில் கற்பித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய பணி அனுபவம் கணக்கில் கொள்ளப்படாது. ஆசிரியர் பயிற்சியின்போது எடுத்த மாதிரி வகுப்புகள் ஏற்கப்படும். இந்த மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். சில வாரங்கள் மாதிரி வகுப்பு எடுத்துவிட்டுப் பட்டயம் வாங்கியவர் அனுபவமுள்ளவர் ஆகிறார். முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 8 ஆண்டுகள் பாடம் நடத்தி, பிள்ளைகளை வளர்ப்பதற்காகப் பணியை விட்டு, இப்போது திரும்பி வந்து நிற்கும் நான் அனுபவமற்றவள் ஆகிறேன். புதியவர்களை எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் வர வேண்டும், பள்ளிக்கு அவர்கள் தேவை. ஆனால் அனுபவம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, கையில் இருக்கும் அனுபவத்தைச் செல்லாது என்று தள்ளுவதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

விண்ணப்பப் படிவத்தை நேரில் கொடுக்க வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அனுபவத்துக்கான கட்டத்தில் நான் பணியாற்றிய ஆண்டுகளை வரிசையாக எழுதியிருந்தேன். பணிச் சான்றிதழ்களின் நகல்களையும் இணைத்திருந்தேன். படிவத்தை வாங்கிய அலுவலர் நகல்களைப் புரட்டவே இல்லை. கடைசித் தேதியைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் ‘இடைவெளி’ என்று எழுதிப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை; அவர் கையில் இருந்த விதி அதைத்தான் செய்யச் சொன்னது. விதியை எழுதியவர்கள் நீங்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

விதி வருவதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்றும் சொல்ல முடியாது. சென்ற முறை என்னை நேர்காணலுக்கு அழைத்தீர்கள். இத்தனை ஆண்டுகளாக வீட்டில்தான் இருந்தீர்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுப்பீர்களா, வேலைக்கு வர வீட்டில் சம்மதித்துவிட்டார்களா, கணவருக்கு இடமாற்றம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்று அந்த அறையில் இருந்த ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரே வகுப்பில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் எழுத்தே தெரியாத பிள்ளையும் அருகருகே உட்கார்ந்திருந்தால் அந்த முக்கால் மணி நேரத்தை எப்படிப் பிரிப்பீர்கள் என்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் உள்ளே போய் வந்தவர் ஓர் ஆண். அவருக்கும் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். காய்ச்சலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. வெளியே வந்து அவரே வியப்புடன் சொன்னார்.

இதற்கெல்லாம் மேலாக எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. உங்கள் நிர்வாகத்தின் கீழுள்ள பள்ளி ஒன்றில், இரண்டாம் வகுப்பு ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போனபோது, அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காமல் என்னை அழைத்தார்கள். தொலைபேசியில் பேசிய தலைமையாசிரியர், நான் பணியை விட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்கவில்லை. “திங்கட்கிழமையே வந்துவிட முடியுமா, டீச்சர்?” என்றுதான் கேட்டார். போனேன். நாள் கணக்கில் ஊதியம், ஆனால் வேலை முழு வகுப்பாசிரியரின் வேலை. பாடக் குறிப்பு எழுதினேன், தேர்வுத்தாள் திருத்தினேன், மதிப்பெண் பதிவேட்டில் கையெழுத்திட்டேன், பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு தாயிடமும் தந்தையிடமும் அவர்கள் பிள்ளையைப் பற்றிப் பேசினேன். விடுப்பு முடிந்து அந்த ஆசிரியை வந்ததும் வகுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது விண்ணப்பத்தில் அந்த மாதங்களைக் குறிப்பிட்டால், அது பணி அல்ல, தற்காலிக ஏற்பாடு, ஆகவே கணக்கில் வராது என்கிறீர்கள். ஆள் கிடைக்காத நேரத்தில் ஒரு வகுப்பு முழுவதையும் என்னை நம்பி விட்டீர்கள். ஆள் கிடைக்கும் நேரத்தில் வாசலிலேயே நிறுத்துகிறீர்கள். இரண்டு நேரத்திலும் நான் ஒரே ஆள்தான். என் சான்றிதழ்களும் அதே சான்றிதழ்கள்தான்.

வகுப்பை ஒப்படைத்த அன்று அந்த இளம் ஆசிரியை என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: “அக்கா, குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் கழித்து வரலாம் என்று நினைத்திருந்தேன். உங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வெளியே போனால் திரும்ப உள்ளே வர விடமாட்டார்களா?” என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

அந்த வகுப்பில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் ‘இடைவெளி’ என்று எழுதிய ஆண்டுகளில் எனக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு சிறுவன். பாடத்தை வாசிக்கச் சொன்னால் தங்குதடையில்லாமல் வாசிப்பான். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘சரளமாக வாசிக்கிறான்’ என்றுதான் இருந்தது. நான் அவன் அருகில் உட்கார்ந்து கேட்டேன். அவன் விரல் சொற்களின் கீழே நகரவில்லை. கண் பக்கத்தின் மேல்பாதியில் இருந்த படத்தில் நிலைத்திருந்தது. படத்தை என் உள்ளங்கையால் மூடினேன். வாசிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வரியின் நடுவிலிருந்து ‘கொக்கு’ என்ற சொல்லை மட்டும் தொட்டுக் காட்டினேன். ‘கெ’ என்று தொடங்கினான். அடுத்து நின்ற துணைக்காலைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான்.

அவன் கெட்டிக்காரன். வகுப்பில் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டான். எந்தப் படத்துக்கு எந்த வரி என்று நினைவில் வைத்திருந்தான். எழுத்து மட்டும் அவனுக்கு வசப்படவில்லை. நம் எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, இரண்டும் சேர்ந்து நடுவிலிருக்கும் எழுத்தின் ஒலியை மாற்றுகின்றன. கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது ககரம். பழகிப்போன நமக்கு இது ஒரு சிக்கலாகவே தெரியாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய முடிச்சு. கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாகச் சிறு அட்டைகள் செய்து, ககரத்தையும் மகரத்தையும் பகரத்தையும் நடுவில் வைத்து, அவன் கையாலேயே இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி ஒலிக்கப் பழக்கினேன். நான் வெளியே வருவதற்குள் படமில்லாத பக்கத்தை, மெதுவாகத்தான், ஆனால் உண்மையாகவே வாசித்தான். அவனைப் பற்றிப் பதிவேட்டில் குறிப்பு எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். அது அந்தப் பள்ளியில் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

படத்தை மூட வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியது? என் இளைய மகள் வீட்டில் இதையேதான் செய்தாள். இரவில் வாசித்துக் காட்டிய கதைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டுவாள், சரியான இடத்தில் குரலை ஏற்றுவாள். பார்க்கிறவர்கள் வாசிக்கிறாள் என்றே சொல்வார்கள். ஒருநாள் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டுவிட்டன. கை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, வாய் மட்டும் விட்டுப்போன பக்கத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே போனது. அன்றிலிருந்து மாதக்கணக்கில் அவள் கண் எங்கே நிற்கிறது, எந்த எழுத்தில் தடுக்குகிறது, எந்தச் சொல்லைப் பார்த்ததும் ஊகிக்கிறாள் என்று கவனித்தேன். பிள்ளைகள் இப்படி நினைவிலிருந்து ஒப்பிப்பார்கள் என்பது பயிற்சிப் பள்ளியில் ஒரு வரியாக வந்ததுதான். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரே பிள்ளையின் கண் அசைவை மாதக்கணக்கில் பின்தொடர எந்த ஆசிரியருக்கு வாய்க்கும்? எனக்கு வீட்டில் வாய்த்தது.

இங்கே ஜீன் பியாஜேயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரும் அவர் பெயரைப் படிக்காமல் தேர்வு எழுதியிருக்க முடியாது. உங்களிலும் சிலர் எழுதியிருப்பீர்கள். குழந்தையின் அறிவு பருவம் பருவமாக எப்படி வளர்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன அந்தச் சுவிட்சர்லாந்து அறிஞர், குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தைப் பற்றிய தம் கருத்துகளை எங்கிருந்து எடுத்தார்? தம் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் பிறந்த நாளிலிருந்து வீட்டில் கவனித்து எழுதிய குறிப்புகளிலிருந்து. மறைத்து வைத்த பொருளைக் குழந்தை எந்த வயதில் தேடத் தொடங்குகிறது என்பது போன்றவற்றை அவர் கண்டது வீட்டில்தான். அந்த வீட்டுக் குறிப்புகள் இன்று உலகமெங்கும் ஆசிரியர் பயிற்சிக்குப் பாடமாக இருக்கின்றன. பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை அதே பருவங்களைத் தன் பிள்ளைகளிடம் ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு வந்தால், அவள் எதையும் கற்காமல் வீணாகக் காலம் கழித்தவள் என்று கோடு போடுகிறீர்கள். தாயாக இருப்பதே ஆசிரியராவதற்குப் போதும் என்று நான் வாதிடவில்லை. அப்படிச் சொல்வது பயிற்சியையும் இந்தத் தொழிலையும் சிறுமைப்படுத்துவதாகும். பயிற்சியும் வகுப்பறை அனுபவமும் ஏற்கெனவே பெற்ற ஒருவரிடம் இந்த ஆண்டுகள் வந்து சேரும்போது, அவர் முன்னைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார். இதைத்தான் சொல்கிறேன்.

காத்திருக்கும் பழக்கமும் அப்படித்தான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் பொறுத்திருந்தார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள், ‘தெரியாது’ என்ற பதில் குறைகிறது என்றும் காட்டினார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. பாடத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருக்கும் இளம் ஆசிரியருக்கு அந்த மூன்று விநாடி மிக நீண்ட நேரம். செருப்பை வலம் இடம் மாற்றிப் போட்டுவிட்டுத் தானே சரிசெய்ய முயலும் பிள்ளையின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பழகியவளுக்கு அது நீண்ட நேரமல்ல.

காலம் மாறிவிட்டது என்பது உங்கள் தரப்பு வாதம். மாறித்தான் இருக்கிறது. பாடநூல்கள் மாறியிருக்கின்றன. வருகைப் பதிவு கைப்பேசிச் செயலிக்குப் போய்விட்டது. மதிப்பீட்டுப் படிவங்கள் இணையத்தில் ஏறுகின்றன. சுண்ணக்கட்டி பிடித்த இடத்தில் தொடுதிரைப் பலகை நிற்கிறது. குழந்தைப் பாதுகாப்பு பற்றிய விதிமுறைகள் கூடியிருக்கின்றன, கூட வேண்டியவைதான். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளையும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் பற்றி முன்பு எங்களுக்குச் சொல்லித் தராதவற்றை இப்போது சொல்லித் தருகிறார்கள். இவை அனைத்தையும் நான் கற்க வேண்டும். பதிலிப் பணியின்போது செயலியையும் பலகையையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். மற்றவற்றுக்கு முறையான பயிற்சி வேண்டும், அதை நானே கேட்கிறேன்.

ஆனால் மாறாதது ஒன்றிருக்கிறது. 403-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 375 என்று எழுதும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பாள். மேலே உள்ள 3-இலிருந்து 8 போகாது என்றதும், 8-இலிருந்து 3-ஐக் கழித்து 5 போடுவாள். மேலே இருக்கும் சுழியத்தைப் பார்த்துத் திகைத்து 7-ஐ அப்படியே இறக்குவாள். நான்கில் ஒன்று போக மூன்று. ஒவ்வொரு பத்தியிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள், அவள் அளவில் அது ஒரு விதி. அதைத் ‘தவறு’ என்று சிவப்பு மையில் குறித்தால் நாளைக்கும் 375 எழுதுவாள். ஒரு நூறைப் பிரித்தால் பத்துப் பத்துகள் வரும், அதில் ஒரு பத்தைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் வரும் என்பதைக் குச்சிக் கட்டுகளை அவிழ்த்துக் காட்டினால்தான் 225-க்கு வந்து சேருவாள். நான் பணியில் இருந்தபோதும் பிள்ளைகள் 375 என்று எழுதினார்கள். இப்போது என் மகளின் தோழியும் 375 என்றுதான் எழுதுகிறாள். இந்தப் பிழையைப் பார்த்த மாத்திரத்தில் பிள்ளையின் மனதில் என்ன ஓடியது என்று அறிவதுதான் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் தொழில். அது 5 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும் என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள்? விதியில் காரணம் எதுவும் எழுதப்படவில்லை. ஏன் ஐந்து? ஏன் நான்கோ ஏழோ அல்ல?

நான் கேட்பது ஏதோ சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து உருவாக்கிய ‘ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரை’ 1966 அக்டோபர் 5 அன்று ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் அக்டோபர் 5-ஐ உலக ஆசிரியர் நாளாக நாம் கொண்டாடுவது அதன் நினைவாகத்தான். குடும்பப் பொறுப்புகளுள்ள பெண் ஆசிரியர்களுக்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே பணியை விட்டுச் சென்ற அத்தகைய ஆசிரியர்களைத் தகுந்த சூழ்நிலைகளில் மீண்டும் கற்பிக்க வருமாறு ஊக்குவிக்க வேண்டும் என்று அதன் 58-ஆவது பத்தி சொல்கிறது. அதற்கு அடுத்த பத்திகள், முழு நேரம் பணியாற்ற இயலாத தகுதியுள்ள ஆசிரியர்களின் பகுதி நேரப் பணிக்கும் மதிப்பு உண்டு என்றும், தொடர்ந்து பகுதி நேரம் பணியாற்றுவோருக்கு அதே விகிதத்தில் ஊதியமும் விடுப்பும் மகப்பேறு உரிமையும் வேண்டும் என்றும் சொல்கின்றன. அது சட்டம் அல்ல, பரிந்துரைதான். உங்களை யாரும் அதைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஆசிரியர் நாளுக்கு மேடை போட்டு வாழ்த்துரை வழங்குகிறவர்கள், அந்த நாள் எந்த ஆவணத்தின் நினைவாக வந்ததோ அந்த ஆவணத்துக்கு நேர் எதிரான விதியை எழுதுவது தகுமா?

1981-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 156-ஆவது உடன்படிக்கை இதை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. குடும்பப் பொறுப்புகளால் வேலையிலிருந்து விலகியவர்கள் மீண்டும் வேலைக்குள் வர வழிசெய்ய வேண்டும் என்று அதன் 7-ஆவது பிரிவு கூறுகிறது. அந்த உடன்படிக்கை பெண்களை மட்டும் குறிக்கவில்லை. ஆண்களையும் பெண்களையும் சேர்த்தே பேசுகிறது. பிள்ளைக்காக வீட்டில் இருந்த தந்தையும், படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொள்ளப் பணியை விட்ட மகனும் உங்கள் ஐந்தாண்டு விதியால் வெளியே நிற்பார்கள். இன்று எண்ணிக்கையில் பெண்கள் அதிகம், அவ்வளவுதான்.

திருமணமான பெண் ஆசிரியராக இருக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் விதியே இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. அயர்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுக்கு அந்தத் தடை 1958 வரை நீடித்தது. வீட்டையும் வகுப்பையும் ஒரு பெண்ணால் சேர்த்துக் கவனிக்க முடியாது என்று சொன்னவர்களும் அன்று பிள்ளைகளின் நன்மையைத்தான் காரணம் காட்டினார்கள். இன்று திருமணத்தைக் காரணம் காட்ட எவருக்கும் துணிவு வராது. தேதியைக் காரணம் காட்டுகிறீர்கள். யாரெல்லாம் வெளியே நிற்கிறார்கள் என்று உங்கள் நிராகரிப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், தாய்மார்கள்தான் நிற்பார்கள்.

ஆசிரியர் கிடைக்கவில்லை என்று சொல்லும் நிர்வாகங்களில் உங்களுடையதும் ஒன்று. உலக அளவில் தொடக்க, இடைநிலைக் கல்விக்கு 2030-க்குள் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. அதில் பாதிக்கு மேல், பணியை விட்டுப் போகிறவர்களின் இடங்களை நிரப்புவதற்கான தேவை. போனவர்களில் திரும்பி வர விரும்புகிறவர்களுக்கு வழி விடாமல் இந்தப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஒன்றரை வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து வைத்து ஒருவர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கும் பள்ளி எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஊதியத்தைப் பற்றிப் பேசினால் பேராசை என்பார்கள். பேசத்தான் வேண்டும். விதிவிலக்காக யாரையாவது திரும்ப எடுத்துக்கொண்டாலும் தொடக்க நிலை ஊதியத்தில்தான் அமர்த்துகிறீர்கள். முன்பு செய்த பணிக்கு ஊதிய உயர்வும் இல்லை, பணி மூப்பும் இல்லை. நான் கற்பித்த பிள்ளைகள் அந்த ஆண்டுகளில் வாசிக்கக் கற்றார்கள், பெருக்கல் வாய்ப்பாடு கற்றார்கள், அடுத்த வகுப்புக்குப் போனார்கள். அவர்கள் கற்றது அழிந்துவிடவில்லை. கற்பித்த ஆண்டுகள் மட்டும் எப்படி அழியும்? வீட்டில் இருந்த ஆண்டுகளுக்கு ஊதிய உயர்வு கேட்கவில்லை. வகுப்பறையில் நின்ற ஆண்டுகளுக்குக் கேட்கிறேன்.

ஆகவே, குழுவினரே, நான் வேண்டுவதைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஐந்தாண்டு விதியை இந்த அறிவிப்பின் கடைசித் தேதிக்கு முன்பே திரும்பப் பெறுங்கள். அந்த விதியின் பேரில் தள்ளிய விண்ணப்பங்களை மீண்டும் எடுத்துப் பரிசீலியுங்கள். எனக்குக் கற்பிக்கத் தெரியுமா என்பதில் ஐயம் இருந்தால், அதைப் பார்ப்பதற்கு வகுப்பறை இருக்கிறது. புதியவர், பழையவர், இடையில் விட்டவர் என்ற வேறுபாடில்லாமல் விண்ணப்பிக்கும் அனைவரையும் பிள்ளைகளின் முன் நிறுத்தி ஒரு பாடம் நடத்தச் சொல்லுங்கள். அனுபவமுள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவராவது அதைப் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அங்கே நான் தோற்றால் மறுபேச்சில்லாமல் போய்விடுகிறேன்.

திரும்பி வருகிறவர்களுக்குப் பணி நியமனத்துக்குப் பிறகு, ஊதியத்துடன், ஒரு மீள்பயிற்சி நடத்துங்கள். புதிய பாடநூல்கள், மதிப்பீட்டு முறை, குழந்தைப் பாதுகாப்பு விதிகள், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான கற்பித்தல் ஆகியவை அதில் இருக்க வேண்டும். முதல் பருவம் முழுவதும் பணியில் உள்ள மூத்த ஆசிரியர் ஒருவரைத் துணையாக அமர்த்துங்கள்.

முந்தைய பணிக்காலத்தை ஊதியத்துக்கும் பணி மூப்புக்கும் கணக்கில் எடுங்கள். பதிலியாகப் பணியாற்றியவர்களுக்கு, என்னென்ன பொறுப்புகளை ஏற்றார்கள் என்று குறிப்பிட்டுப் பணிச் சான்றிதழ் கொடுங்கள். அதை அனுபவமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் குடும்பத்தைப் பற்றிய கேள்விகளை நிறுத்துங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கேள்வித்தாள் இருக்கட்டும். அதில் பாதியாவது வாசிப்பும் கணக்கும் கற்பிப்பது பற்றியதாக இருக்கட்டும்.

பிள்ளை வளர்ப்புக்காக இப்போது பணியை விட்டுப் போகும் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். பாடநூல் மாறும்போது அவர்களுக்கும் தெரிவியுங்கள். கோடை விடுமுறைப் பயிற்சிகளுக்கு விருப்பமுள்ளவர்களை அழையுங்கள். முழு நேரம் வர இயலாதவர்களுக்குப் பகுதி நேரப் பணியிடங்களை, உரிய ஊதியத்துடனும் விடுப்புடனும், உருவாக்குங்கள். என்னிடம் பயத்துடன் கேட்ட அந்த இளம் ஆசிரியைக்குச் சொல்ல வேண்டிய பதிலை அப்போதுதான் உங்களால் சொல்ல முடியும்.

இந்த மடலுக்கு எழுத்து வடிவில் பதில் வேண்டும். விதியை நீக்க மறுத்தால், எந்த ஆய்வின் அல்லது எந்த அனுபவத்தின் அடிப்படையில் 5 ஆண்டுகள் என்று வகுத்தீர்கள் என்பதையும் அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள். என் விண்ணப்பத்தை, கோடு போடாத புதிய படிவத்தில், பழைய நகல்கள் அனைத்தையும் இணைத்து, இன்று பதிவஞ்சலில் உங்கள் அலுவலகத்துக்கு மீண்டும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்